எப்படி அடிபட்டது? விபத்துக் காய சிகிச்சையில் இந்தக் கேள்விக்கு இருக்கும் இடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வருகிறவர்களிடம் மருத்துவர் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, "எப்படி அடிபட்டது?" என்பது. "ரத்தம் போயிட்டிருக்கு, நீங்க கதை கேட்டுட்டு நிக்கிறீங்களே" என்று உடன் வந்தவர்கள் கோபப்படுவதும் அங்கே அன்றாடக் காட்சிதான். அந்தக் கதைக்குச் சிகிச்சையில் என்ன வேலை என்பதை, தமிழ்நாட்டில் அதிகம் பார்க்கப்படும் விபத்துகளை வைத்து இந்தப் பக்கம் விளக்குகிறது.

அடிபட்டவரைக் கவனிக்காமல் கதை கேட்பது நேரத்தை வீணாக்குவது ஆகாதா?

ஆகாது, ஏனெனில் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மற்றவர்கள் பீறிடும் ரத்தத்தை அழுத்தி நிறுத்துகிறார்கள். மூச்சுப்பாதை திறந்திருக்கிறதா, நெஞ்சின் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் ஏறி இறங்குகின்றனவா, நாடி எப்படி ஓடுகிறது, நினைவு எந்த அளவில் இருக்கிறது என்று வரிசையாகப் பார்க்கிறார்கள். இந்த வரிசை எந்த விபத்துக்கும் பொதுவானது. 1976-ல் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் தாம் ஓட்டிச் சென்ற சிறு விமானம் விழுந்து, மனைவியை இழந்து, பிள்ளைகளுக்குக் கிடைத்த சிகிச்சையின் குறைகளைக் கண்ணால் கண்ட எலும்பு அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்டைனரின் முயற்சியில் 1978-ல் தொடங்கிய, விபத்துக் காய சிகிச்சையை மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் ஏடிஎல்எஸ் பயிற்சிதான், இன்று உலகெங்கும் இந்த வரிசையைக் கற்பிக்கிறது.

அடிபட்ட விதம் உதவுவது, எங்கே தேட வேண்டும் என்று முடிவு செய்வதற்கு. தரையில் கொட்டிய ரத்தம் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். நெஞ்சுக்கூடு, வயிறு, இடுப்புக்கூடு, தொடை ஆகிய நான்கு இடங்களில் தோலுக்கு அடியில் தேங்கும் ரத்தம் தெரியாது. முறிந்த ஒரு தொடையெலும்பைச் சுற்றி ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் தேங்க முடியும்; இடுப்புக்கூடு பிளந்தால் அதைவிட அதிகம். நெற்றியில் கிழிந்த தோல் முகமெல்லாம் ரத்தமாக்கிப் பார்ப்பவர்களைப் பதறவைக்கும்போது, உயிரை எடுக்கப்போவது சிராய்ப்புகூட இல்லாத வயிற்றுக்குள் உடைந்த மண்ணீரலாக இருக்கலாம்.

வேகத்துக்கும் காயத்துக்கும் உள்ள கணக்கு என்ன?

பள்ளியில் படித்த இயக்க ஆற்றல் கணக்கேதான்: ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வந்தவரைவிட 60-ல் வந்தவரின் உடலில் நான்கு மடங்கு ஆற்றல் இருக்கிறது. இதை உயரமாக மாற்றிப் பார்த்தால் இன்னும் தெளிவாக விளங்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது முதல் மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் பதினான்கு மீட்டர், அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடி. "அறுபதுலதான் வந்தான்" என்று சொல்லும்போது அந்த "தான்" எவ்வளவு பொருளற்றது என்பது இதில் தெரியும்.

ஆனால் ஆற்றல் மட்டும் கொல்வதில்லை. அது எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பரப்பில் உடலுக்குள் இறங்குகிறது என்பதும் சேர்ந்தே முடிவு செய்கிறது. மிக உயரத்திலிருந்து விழுந்தும் பிழைத்தவர்களை ஆராய்ந்து 1942-ல் கட்டுரை வெளியிட்ட ஹியூ டிஹேவன், விழுந்த இடம் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுத்திருந்தால் உடல் தாங்கிக்கொள்கிறது என்று காட்டினார். 1954 டிசம்பரில் ஜான் ஸ்டாப் என்ற அமெரிக்க விமானப்படை மருத்துவர் ராக்கெட் வண்டியில் தம்மையே கட்டிக்கொண்டு, மணிக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சென்று ஒன்றரை நொடிக்குள் நின்று, உயிரோடு இறங்கினார். சீட் பெல்ட்டும் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மோகோல் போன்ற அடுக்கும் செய்வது இதே வேலையை: நிற்கும் தூரத்தைச் சில சென்டிமீட்டர் கூட்டுவது.

வண்டி நின்ற பிறகும் உடல் நகர்கிறது. உடல் நின்ற பிறகும் உள்ளுறுப்புகள் நகர்கின்றன. நெஞ்சுக்குள் பெருந்தமனியின் வளைவு ஆடக்கூடியது, அதற்குக் கீழே இறங்கும் பகுதி முதுகெலும்போடு ஒட்டியது. திடீரென்று நிற்கும்போது இரண்டும் சந்திக்கும் இடத்தில் அது கிழிகிறது. கிழிந்தவர்களில் பெரும்பாலோர் சாலையிலேயே இறந்துவிடுகிறார்கள். மருத்துவமனை வரை வந்துசேரும் சிலரைக் காப்பாற்ற ஒரே வழி, மோதிய வேகத்தைக் கேட்டவுடன் அந்தச் சந்தேகம் எழுவதுதான்.

இருசக்கர வாகன விபத்தில் ஓட்டியவர், பின்னால் உட்கார்ந்தவர் என்று ஏன் பிரித்துக் கேட்கிறார்கள்?

ஒரே விபத்தில் இருவரும் வேறு வேறு விதமாக அடிபடுகிறார்கள். நேராக மோதும்போது ஓட்டுபவர் முன்னோக்கி எழும்பிப் பறக்கிறார். தொடைகள் ஹேண்டில்பாரில் மாட்டி இரண்டு தொடையெலும்புகளும் முறியலாம், பெட்ரோல் டேங்கில் இடித்து இடுப்புக்கூடு பிளக்கலாம். தலை ஒரு பக்கமும் தோள் மறுபக்கமும் இழுபட விழுந்தவருக்குக் கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புக்கொத்து அறுந்து, எலும்பு முறியாமலேயே கை துவண்டு தொங்கும். அப்படிப்பட்ட கையை "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிவைப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்து, மடியில் குழந்தையையோ பையையோ பிடித்தபடி வரும் பெண்ணின் நிலை வேறு. அவர் பிடித்துக்கொள்ளக் கையில்லை. ஹெல்மெட்டும் பெரும்பாலும் இல்லை. வண்ணம் அழிந்த ஸ்பீடு பிரேக்கரில் வண்டி குதித்தவுடன் அவர் பின்புறமாக விழுகிறார், பிடரி தார்ச்சாலையில் மோதுகிறது. வண்டி எதிலும் மோதவில்லை, ஓட்டிய கணவருக்குச் சிறு கீறலும் இல்லை. எனவே "சும்மா கீழே விழுந்துட்டாங்க" என்றுதான் சொல்லப்படுகிறது. ஆனால் பிடரியில் வீங்கிய புடைப்பை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார்; மூளை மண்டையோட்டுக்குள் முன்னும் பின்னும் ஆடி, நெற்றிக்கும் பொட்டுக்கும் பின்னால் இருக்கும் கரடுமுரடான எலும்புத் தளத்தில் உரசி, அடிபட்ட இடத்துக்கு நேர் எதிர்ப்புறத்தில் கன்றிப்போகிறது. சில நாள் கழித்துக் காபியின் மணமே தெரியவில்லை என்று அவர் சொன்னால், மூக்கிலிருந்து மூளைக்குச் செல்லும் மெல்லிய நரம்பிழைகள் அந்த ஆட்டத்தில் அறுந்திருக்கின்றன என்று பொருள். சிகிச்சைப் பிரிவில் "ஸ்பீடு பிரேக்கர், ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தார், பின்பக்கமாக விழுந்தார்" என்ற மூன்று செய்திகள் கிடைத்தாலே, தலைக்கு சிடி ஸ்கேன் எடுப்பதா என்ற விவாதம் பாதி முடிந்துவிடும்.

துப்பட்டாவோ சேலை முந்தானையோ சக்கரத்தில் சிக்கி இழுத்திருந்தால் கழுத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும்: குரல் கம்மியிருக்கிறதா, தோலுக்கு அடியில் காற்று புகுந்து நொறுநொறுக்கிறதா, கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்குமா என்று. சக்கரக் கம்பிகளுக்குள் குதிகால் சிக்கிய குழந்தைக்கு எக்ஸ்ரேயில் எலும்பு நன்றாக இருந்தாலும், நசுங்கிய தோல் இரண்டு மூன்று நாளில் கறுத்துப்போவது உண்டு. ஆகவே முதல் நாளிலேயே "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடக் கூடாது.

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசிக்கொண்டிருக்கிறார். பயப்பட வேண்டுமா?

அடி எப்படி என்பதைப் பொறுத்தது. கிரிக்கெட் பந்து, கட்டை, கல் போன்றவை பொட்டில் பட்டால் அங்கே எலும்பு மெல்லியது. அது விரிசல் விட்டு, அடியில் ஓடும் தமனி கிழிந்து, எலும்புக்கும் மூளை உறைக்கும் இடையில் ரத்தம் தேங்கத் தொடங்கும். முதலில் சில நொடி மயங்கியவர் எழுந்து பேசுவார், தண்ணீர் கேட்பார், சிலர் வீட்டுக்கும் போய்விடுவார்கள். பிறகு தலைவலி கூடி, வாந்தி வந்து, தூக்கம் போல மயக்கம் கவிழும். இடையில் தெளிவாக இருந்த நேரம் நலமானதற்கு அடையாளம் இல்லை.

பனை, தென்னை, கட்டடச் சாரம் ஆகியவற்றிலிருந்து விழுந்தவர்களுக்கு எதைத் தேட வேண்டும்?

எவ்வளவு உயரம், எதன்மேல், உடலின் எந்தப் பகுதி முதலில் பட்டது என்ற மூன்றையும் கேட்க வேண்டும். காலூன்றி விழுந்தவரிடம் விசை கீழிருந்து மேலே ஏறுகிறது: குதிகால் எலும்பு நொறுங்கும், முழங்காலின் மேற்பரப்பு அமுங்கும், இடுப்புக்கூடு விலகும், கடைசியாக முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில் முள்ளெலும்பு வெடிக்கும். ஆகவே குதிகால் வலி என்று மட்டும் சொல்பவரின் முதுகையும் பார்க்க வேண்டும் என்பது எலும்பு சிகிச்சையின் பழைய பாடம். குதிகால் வலி தாங்க முடியாததாக இருப்பதால் முதுகு வலியை அவர் உணர்வதே இல்லை. வீங்கிய காலுக்கு நாட்டுக்கட்டுப் போட்டுக்கொண்டு பத்து நாள் படுத்திருந்து, முதுகில் நரம்பு அழுந்தியதால் சிறுநீர் பிரியவில்லை என்று பிறகு வருபவர்களும் உண்டு.

மரம் ஏறுபவருக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. விழும் வழியில் மட்டையிலோ மதிற்சுவரிலோ இடித்துத் திரும்பியிருந்தால் "காலூன்றி விழுந்தார்" என்ற சொல் பாதி உண்மைதான். தரை உழுத வயலா, சிமென்ட் களமா என்பதும் முக்கியம். வற்றிய கிணற்றில் தலைகுப்புற விழுந்தவரையும் ஆழம் தெரியாமல் குளத்தில் பாய்ந்தவரையும் கழுத்தெலும்பு முறிந்தவராகவே கருதி, கழுத்தை அசைக்காமல் தூக்க வேண்டும். ஆனால் மூச்சில்லாதவருக்கு மூச்சைக் கொடுப்பதுதான் முதல் வேலை.

காரில் சீட் பெல்ட் போட்டிருந்தால் கவலை இல்லையா?

பெல்ட் உயிரைக் காக்கிறது. காக்கும்போதே தன் தடத்தையும் விட்டுச்செல்கிறது. அடிவயிற்றில் பட்டையாகச் சிவந்த தடம் இருந்தால், முதல் ஸ்கேன் சரியாக இருந்தாலும் குடல் கிழிந்திருக்க வாய்ப்பு உண்டு என்று வைத்து, அடுத்த நாள் வரை வயிற்றைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்க வேண்டும். பெல்ட் போடாமல் முன்னால் உட்கார்ந்திருந்தவரின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்திருந்தால், இடுப்பு மூட்டிலிருந்து தொடையெலும்பின் தலை பின்பக்கம் நழுவியிருக்கலாம். அதை ஆறு மணி நேரத்துக்குள் இடத்தில் சேர்க்காவிட்டால் எலும்பின் தலை ரத்த ஓட்டமின்றிச் சிதையும் ஆபத்து கூடுகிறது.

மாடு முட்டியது, கத்தி குத்தியது: வெளியே சின்ன ஓட்டைதானே இருக்கிறது?

அந்தச் சின்ன ஓட்டைதான் ஏமாற்றுவது. கத்தி போன வழியே திரும்புகிறது. மாட்டின் கொம்பு அப்படியல்ல. குத்திய பின் மாடு தலையை உதறுவதால், ஒரே துளைக்குள் கொம்பு இரண்டு மூன்று திசைகளில் கிழித்திருக்கும், மண்ணும் துணிநூலும் உள்ளே போயிருக்கும். பொங்கலையொட்டி அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று மதுரை வட்டாரத்தில் ஜல்லிக்கட்டு நடக்கும் நாட்களில் இது முக்கியமாகிறது. மேலே தையல் மட்டும் போட்டு மூடுவது கூடாது. தொடையின் உட்புறம் குத்தியிருந்தால் பாதத்தில் நாடி தெரிகிறதா என்றும், அடிவயிறாக இருந்தால் கொம்பு வயிற்றறைக்குள் நுழைந்ததா என்றும் பார்த்த பிறகே காயத்தைக் கழுவ வேண்டும். கூடவே கொம்பு தூக்கி எறிந்ததால் விழுந்த அடி தனி. கம்பியோ கத்தியோ உடலில் செருகி நின்றால், அதை அறுவை அரங்கில்தான் எடுக்க வேண்டும்.

மின்சாரம் தாக்கியவர்களும் சுமைக்கு அடியில் சிக்கியவர்களும் இதே கணக்கில் வருவார்களா?

வருவார்கள். மின்கம்பத்தில் தாக்கப்பட்டு விழுந்தவருக்கு இரண்டு விபத்துகள் நேர்ந்திருக்கின்றன. தீக்காயத்தை மட்டும் பார்த்தால் விழுந்த அடி விட்டுப்போகும், விழுந்ததை மட்டும் பார்த்தால் இதயத் துடிப்பின் கோளாறும் தசைக்குள் வெந்திருப்பதும் விட்டுப்போகும். இடிந்த சுவருக்கு அடியிலோ கவிழ்ந்த டிராக்டருக்கு அடியிலோ மணிக்கணக்கில் கால் நசுங்கியவரை விடுவிக்கும் கணத்தில், சிதைந்த தசையின் பொட்டாசியம் ரத்தத்தில் பாய்ந்து இதயத்தை நிறுத்தலாம், பின்னர் சிறுநீரகம் செயலிழக்கலாம். ஆகவே முடிந்தவரை சுமையைத் தூக்குவதற்கு முன்பே சலைன் ஏற்றத் தொடங்க வேண்டும். 1941-ல் லண்டன் குண்டுவீச்சில் இடிபாடுகளிலிருந்து மீட்கப்பட்டவர்களிடம் நேர்ந்த இந்தச் சிறுநீரகச் செயலிழப்பை பைவாட்டர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார்.

அப்படியானால் அடிபட்ட விதத்தை வைத்தே எல்லாவற்றையும் முடிவு செய்யலாமா?

கூடாது. பயங்கரமாக நசுங்கிய காரிலிருந்து நடந்து இறங்கி வருபவர்கள் உண்டு; அவர்கள் எல்லோரையும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் உண்மையில் தேவைப்படுபவருக்கு இடம் இருக்காது. தேவைக்கு மேல் அனுப்பப்படுவோர் 25 முதல் 35 சதவீதம் வரை இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் தேவையிருந்தும் அனுப்பாமல் விடப்படுவோர் 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி வகுத்த அளவு. யாரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது என்று விபத்து நடந்த இடத்திலேயே முடிவு செய்ய உதவும், 2021-ல் திருத்தப்பட்ட அமெரிக்கக் களவழிகாட்டி, ரத்த அழுத்தத்தின் மேல் எண் 90-க்குக் கீழே இறங்குதல், துடிப்பு எண்ணிக்கை அந்த மேல் எண்ணைத் தாண்டுதல், உடற்பகுதியில் ஊடுருவிய காயம் போன்றவற்றை முதல் தட்டிலும், வண்டியிலிருந்து தூக்கி எறியப்படுதல், பத்து அடிக்கு மேலிருந்து விழுதல், அதே காரில் இன்னொருவர் இறந்திருத்தல் போன்றவற்றை அடுத்த தட்டிலும் வைக்கிறது. அந்த வரிசையே சரி என்பது என் கருத்து. கதை சந்தேகத்தை எழுப்ப வேண்டும்; அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது உடல்தான். கதையைக் கேட்டுவிட்டு நோயாளியைத் தொட்டுப் பார்க்காத மருத்துவர், கதையே கேட்காதவரைவிட மோசமானவர்.

முதியவர், குழந்தை, கர்ப்பிணி ஆகியோருக்கு இந்தக் கணக்கு மாறுமா?

மிகவும் மாறும். குளியலறையில் வழுக்கி விழுந்த எழுபத்தைந்து வயதுப் பாட்டிக்கு அதுவே பெரிய விபத்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரென்றால் இன்னும் பெரிது. பிபிக்காகச் சாப்பிடும் சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாததால், உள்ளே ரத்தம் கசிந்தும் நாடி 80-ல் நின்று ஆறுதல் அளிக்கும். முதியவருக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் 110-க்குக் கீழே இறங்குவதே எச்சரிக்கை. குழந்தையின் விலா எலும்புகள் வளைபவை என்பதால், ஒன்றும் முறியாமலேயே நுரையீரல் கன்றியிருக்கும். சைக்கிள் ஹேண்டில்பாரின் முனை மேல்வயிற்றில் குத்தியிருந்தால் கணையத்தை நினைக்க வேண்டும். ஐந்து மாதத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணியை இடப்பக்கம் சற்றுச் சாய்த்தே படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் கருப்பையின் பளு, இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அழுத்தும்.

அடிபட்ட விதம் தெரிந்தால் சிகிச்சையில் உண்மையில் என்ன மாறுகிறது?

லாரி சக்கரம் இடுப்பில் ஏறியது என்று கேட்டவுடன், எக்ஸ்ரேக்குக் காத்திராமல் இடுப்புக்கூட்டை இறுக்கிக் கட்டலாம். தனிப்பட்டை இல்லையென்றால் போர்வையே போதும். கட்ட வேண்டிய இடம் வேட்டி கட்டும் இடமன்று, அதற்குக் கீழே தொடையெலும்பின் மேல்முனை பக்கவாட்டில் துருத்தும் இடம். பெரிய அளவில் ரத்தக்கசிவு இருக்கும் என்ற ஐயம் வந்தால், ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்தான டிரானெக்ஸாமிக் அமிலம் பத்து நிமிடத்தில் ஒரு கிராம் ஏற்றப்படுகிறது. 40 நாடுகளில் 20,211 நோயாளிகளிடம் நடந்து 2010-ல் வெளியான கிராஷ்-2 ஆய்வு, அந்த மலிவான மருந்து இறப்பை 16 சதவீதத்திலிருந்து 14.5 சதவீதமாகக் குறைத்ததைக் காட்டியது. ஆனால் அடிபட்டு மூன்று மணி நேரம் கடந்தபின் கொடுத்தால் ரத்தக்கசிவால் இறப்பவர்கள் கூடினார்கள். ஆகவே "எப்போது அடிபட்டது?" என்பதும் இந்தக் கேள்வியோடு ஒட்டிப் பிறந்தது.

விபத்தைப் பார்த்தவர் என்ன சொல்ல வேண்டும்?

108-ல் பேசும்போதும் ஆம்புலன்ஸ் ஊழியரிடமும் சொல்ல வேண்டியவை: எது எதில் மோதியது, ஏறக்குறைய எந்த வேகம், தூக்கி எறியப்பட்டாரா, எவ்வளவு தூரம், ஹெல்மெட் அல்லது பெல்ட் இருந்ததா, முதலில் பேசினாரா, மணி என்ன. நசுங்கிய வண்டியைச் செல்போனில் ஒரு படம் எடுத்து அனுப்பினால் அது பத்து வாக்கியங்களுக்குச் சமம். அடிபட்டவரின் முகத்தை எடுப்பதால் யாருக்கும் பயனில்லை. சாட்சியாக அலைய வேண்டிவரும் என்று அஞ்சத் தேவையில்லை. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவரைப் பாதுகாக்கிறது. செலவைப் பற்றியும் முதலில் யோசிக்க வேண்டாம். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய "இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், பட்டியலிலுள்ள தனியார் மருத்துவமனைகளிலும், தமிழ்நாட்டின் சாலைகளில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அவர் எந்த மாநிலத்தவரானாலும், கட்டணமின்றிக் கிடைக்கிறது.

சொல்லப்படும் கதையும் காயமும் பொருந்தாவிட்டால்?

அப்போது காயத்தைத்தான் நம்ப வேண்டும். வழக்கு வரும் என்று பயந்து அடிதடியை "படியில் வழுக்கியது" என்பார்கள். லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியதை மறைக்க, ஓட்டியவரும் பின்னால் இருந்தவரும் இடம் மாறிவிடுவார்கள். அதனால் விபத்து வழக்குகளை மருத்துவமனை குறித்துவைக்கும் ஏ.ஆர். பதிவேட்டில் எழுதப்படும் ஒரு வரி தவறுவதோடு, தேட வேண்டிய உறுப்பும் மாறிப்போகிறது. அடிபட்டவரையோ உடன் வந்தவரையோ மருத்துவர் தனியாக அழைத்து, "காவல் துறைக்கு என்ன சொல்வது என்பது பிறகு, சிகிச்சைக்காக நடந்ததைச் சொல்லுங்கள்" என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வரும். விழுந்ததாகச் சொல்லும் பெண்ணின் முன்கைகளின் வெளிப்புறத்தில் வரிவரியாகக் கன்றியிருந்தால், அவர் அடியைத் தடுக்கக் கையை உயர்த்தியிருக்கலாம். உடன் வந்தவரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுப் பேச வேண்டும். இன்னும் தவழவே தொடங்காத குழந்தை தொடையெலும்பு முறிந்து வந்து, "தானே உருண்டு விழுந்தது" என்று சொல்லப்பட்டால், அந்தக் குழந்தையை அன்றிரவு வீட்டுக்கு அனுப்பக் கூடாது.